பூக்கட்டிப் பார்த்த எம்.ஏ.

இந்த வீட்டில் இனிமேல் என் தீர்மானம்தான் தீர்மானம் என்று அன்று காலை பல் தேய்க்கும்போதே முடிவு செய்துவிட்டேன். மனைவிக்குக் கேட்காத தூரத்தில் நின்று ஒருமுறை சத்தமாகச் சொல்லியும் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

காரணம் உண்டு. நான் சிவதாணு. ஆரியசாலையில் வத்தல் மிளகாய் மொத்தக் கடை. மகன் வேலைக்குப் பெங்களூர் போனதிலிருந்து வலியசாலை வீட்டில் நானும் ஸ்ரீலட்சுமியும்தான். முந்தின நாள் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள்:

"இஞ்ச பாருங்கோ, எம்.ஏ. ஹிஸ்டரிக்கு ஹைதராபாத் போகட்டா, இல்ல நம்ம ஊரு காரியவட்டம் யூனிவர்சிட்டியிலயே சேரட்டா?"

ரசம் மூக்கில் ஏறியது.

"ஹைதராபாதா? அங்க உனக்கு யாரு இருக்கா?"

"ஹாஸ்டல் இருக்கு."

"இஞ்ச எனக்கு யாரு இருக்கா?"

"ஃப்ரிட்ஜ் இருக்கு."

இரண்டு வருஷம்! அவள் இல்லாத வீட்டில்! மிளகாய்க் கடைக்காரன் கண்ணில் தண்ணீர் வந்தால் ஏன் என்று ஒருவரும் கேட்பதில்லை. கடையில் வசதியாக அழுதேன்.

போகாதே என்று நேராகச் சொல்லும் துணிச்சல் கிடையாது. "சாமிகிட்ட பூக்கட்டிப் பாப்போம்" என்றேன். எங்கள் ஆட்களுக்கு முடிவெடுக்கத் தெரியாத விஷயத்துக்கெல்லாம் அதுதான் வழி. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சந்நிதியில் வைத்து ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் காரியவட்டம், சிவப்பு வந்தால் ஹைதராபாத்.

"சாமி சொன்னா பின்னே மறுபேச்சு இல்ல, கேட்டேளா? ரெண்டு பேருக்கும்."

"ரெண்டு பேருக்கும்!"

பொட்டலம் கட்டும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். இரண்டிலும் வெள்ளை நந்தியாவட்டையை வைத்து வாழையிலையில் கட்டினேன். சாமியை ஏமாற்றவில்லை. அவருக்கு வேலையைக் குறைத்தேன், அவ்வளவுதான்.

கோயிலில் ஸ்ரீலட்சுமி கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தாள். வெள்ளை.

"காரியவட்டம்!" நான் போட்ட கூச்சலில் கோபுரத்துப் புறாக்கள் பறந்தன.

அவள் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "சாமி உத்தரவு. சேர்ந்துர வேண்டியதுதான்."

"தாராளமா சேரு! நானே தினமும் ஸ்கூட்டர்ல கொண்டு விடுகேன்!"

பூசை செய்யும் போற்றி மற்றப் பொட்டலத்தைப் பிரிக்கப் போனார். பாய்ந்து பிடுங்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் பெருந்தன்மையாகச் சொன்னேன்: "ஹைதராபாத்துக்கு வரலேன்னு ஒரு மெயில் போட்டுரு. பாவம், சீட்டை வச்சுக்கிட்டுக் காத்திருப்பாங்க."

"எதுக்கு? நான் அங்க அப்ளையே பண்ணல்லியே."

நடை நின்றுவிட்டது. "பின்னே?"

"போன வருஷம் காரியவட்டத்துல படிக்கட்டான்னு கேட்டேன். இந்த வயசுல என்ன படிப்புன்னு சொன்னேள். அதான் இந்த வருஷம் எங்க படிக்கட்டான்னு கேட்டேன்."

"சிவப்பு வந்திருந்தா என்ன செஞ்சிருப்பே?"

"எப்பிடி வரும்? முத்தத்துல நந்தியாவட்டை மொட்டையா நிக்கு. சிவப்புச் செத்தியில ஒரு பூ குறையல்ல."

கோபப்பட வேண்டும் என்று நினைத்தேன். சிரிப்புதான் வந்தது. அவளும் சிரித்தாள். கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தில் இத்தனை சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

"திங்கக்கிழமை கிளாஸ் தொடங்குது" என்றாள். "காலையில நான் குளிச்சிட்டு வாறதுக்குள்ள தேங்கா துருவி வச்சிருங்கோ."