தலைப்புக்கே வராத ஆய்வுரை

மேடைக் கூச்சம் உள்ளவர்களால் இந்த உலகத்துக்குப் பெரிதாக ஒரு கெடுதியும் வந்ததில்லை. கெடுதி முழுக்க, மைக்கைக் கண்டதும் கை அரிக்கிற என் போன்றவர்களால்தான். பயம் வந்தால் சிலருக்கு வாய் அடைத்துப்போகும். எனக்கு இன்னும் அகலமாகத் திறக்கும். (என்னிடம் உள்ள குறை இது ஒன்றுதான் என்று சொல்லவில்லை. மிச்சத்தை என் கணவரிடம் கேளுங்கள், ஆறுதலாக இருந்து சொல்வார்.)

கண்டாவளையில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டி என்றால் வேறு பிள்ளையைத் தேடமாட்டார்கள். தமிழ் ரீச்சர் பழக்கிய பழக்கம் அப்படி. பொருளைப் பற்றி நாலு வரி தெரிந்தால் காணும், சபையை விளிப்பதில்தான் புள்ளி இருக்கிறது என்பது அவருடைய கொள்கை. தலைவரில் தொடங்கி வாசலில் நிற்பவர் வரை ஒருவரையும் விடக்கூடாது. ஆளுக்கொரு அடைமொழியும் வேண்டும். "என்ர பிள்ளை வாயைத் திறந்தா சபை அடங்கும்" என்று அம்மா வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லித் திரிந்தார். நானும் நம்பிவிட்டேன்.

பல்கலைக்கழக இறுதி வருடத்தில் ரிஸானா என் அறைத்தோழி. முல்லைத்தீவுக்காரி, நாலு பேர் பார்த்தால் குரல் உள்ளே போய்விடும். நாங்கள் இருவரும் சேர்ந்து ஓர் ஆய்வு செய்தோம். மாங்குளத்துக்கும் கனகராயன்குளத்துக்கும் இடையில் பஸ் நிற்கிற இடங்களுக்குச் சனம் என்ன பெயர் சொல்லுகிறது என்பதுதான் விஷயம். 'மில்லடி' என்று சொல்லி இறங்குவார்கள், அங்கே மில் இராது. 'ஆலடி' என்பார்கள், ஆல் இராது. இந்தப் பெயர்களுக்காக வெயிலில் ஏறி இறங்கி, கொண்டக்டர்மாரிடம் ஏச்சு வாங்கி (காட்டுக்கு நடுவில் பஸ்ஸை நிற்பாட்டச் சொன்னால் யார்தான் ஏசமாட்டார்கள்?), வீடு வீடாகப் போய்க் கதை கேட்டது பெரும்பாலும் ரிஸானாதான். நான் அதற்கு நீளமான ஒரு தலைப்பு வைத்தேன்.

கட்டுரை வவுனியாவில் நடந்த ஓர் ஆய்வு மாநாட்டுக்குத் தெரிவானது. எனக்கு அது இன்னொரு மேடை. ரிஸானாவுக்கு அப்படியில்லை. எங்கள் துறையில் ஆய்வு உதவியாளர் வேலை ஒன்று வந்திருந்தது. மாநாட்டில் ஆய்வுரை வழங்கிய சான்றிதழ் இல்லாமல் அதற்கு விண்ணப்பிக்க முடியாது, முடிவுத் திகதியோ அடுத்த கிழமை. மேடையில் ஆய்வைப் பற்றிப் பேசுகிற ஆளுக்குத்தான் சான்றிதழ் என்று மாநாட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். இருவருக்கும் சேர்த்துப் பத்து நிமிடம்.

"இது கிடைக்காட்டி நான் வாப்பான்ர கடையிலதான் நிக்கவேணும்" என்றாள் ரிஸானா. "கடை பிழையெண்டு சொல்லேல்ல. ஆனா எனக்கு இதுதானடி விருப்பம்."

"நான் இருக்கிறன், நீ பயப்பிடாத" என்றேன்.

"நீ முதல் அஞ்சு நிமிஷம், நான் மிச்சம். வணக்கம் சொல்லு, தலைப்பைச் சொல்லு, ஏன் செய்தம் எண்டு சொல்லு, வந்து இரு. சரியோ?"

"ஓமடி. எனக்கென்ன மேடை புதுசே?"

"அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு" என்றாள் அவள். பகிடி என்று நினைத்தேன்.

மாநாட்டு மண்டபத்தில் ஏசி குளிர் எலும்பைக் குடைந்தது. புதுச் சேலையின் கொசுவத்தைப் பிடித்தபடி முன்வரிசையில் இருந்தேன். எங்களுக்கு முன்னால் பேசிய பெடியன் 'கோட்பாட்டுச் சட்டகம்' என்று ஏதோ சொல்ல, அமர்வுத் தலைவியான பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி, "தம்பி, உம்முடைய ஆய்வு வினா என்ன?" என்று கேட்டார். அவன் தண்ணீர் குடித்தான். திரும்பவும் குடித்தான். போத்தல் முடிந்தும் வினா வரவில்லை. எங்கள் ஆய்வு வினா என்ன? நேற்றுவரைக்கும் தெரிந்திருந்ததே! முருகா!

பெயர் கூப்பிட்டார்கள். கையிலிருந்த தாளில் எழுத்தெல்லாம் நீந்தியது. திரையில் எங்கள் தலைப்பு வந்து நின்றது, நான் அதைப் பார்த்து வாசித்திருந்தால்கூடப் போதும். வாய் தன்பாட்டில் திறந்தது.

"அறிவுக் கடலாய் அமர்ந்திருக்கும் அமர்வுத் தலைவர் அவர்களே! நீதி தவறா நடுவர் பெருமக்களே!"

நடுவர் ஒருவரும் அங்கே இல்லை. நிறுத்த முடியவில்லை. பேராசிரியர்களை விளித்தேன், விரிவுரையாளர்களை விளித்தேன். "ஓடி மறையும் காலத்தை ஓசையின்றி அளக்கும் நேரக்கணிப்பாளர் அவர்களே!" என்றதும், மணியோடு மூலையில் இருந்த முதலாம் வருடப் பிள்ளை பதறி எழும்பி நின்றாள். மடிக்கணினிக்குப் பக்கத்தில் இருந்த ரிஸானா கண்ணால் கெஞ்சினாள். நான் அதை உற்சாகப்படுத்துகிறாள் என்று விளங்கிக்கொண்டேன்.

ஒருவழியாக மாணவர்கள் வரை வந்து சேர்ந்த நேரம் பார்த்துப் பல்கலைக்கழகப் பீடாதிபதி உள்ளே வந்தார். எங்கள் பக்கத்து மேடை வழக்கம் தெரியும்தானே, பெரிய ஆள் பிந்தி வந்தால் அவரை முன்னுக்கு வைத்து மறுபடி தொடங்கவேண்டும். தொடங்கினேன். பீடாதிபதி, தலைவர், இல்லாத நடுவர், பேராசிரியர்கள், நேரக்கணிப்பாளர் (பாவம், திரும்பவும் எழும்பினாள்) என்று அதே பாதையில் இறங்கி வரும்போது வெள்ளைச் சேர்ட் போட்ட இன்னொருவர் கதவைத் திறந்தார். "பல பணிகளுக்கு மத்தியிலும் எம் அழைப்பை ஏற்று வருகை தந்திருக்கும் பெருந்தகை அவர்களே!" என்றேன். அவர் திகைத்து, கும்பிட்டு, முன்வரிசைக் கதிரையில் இருந்துவிட்டார்.

அப்போதுதான் எச்சரிக்கை மணி அடித்தது. இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பழக்கியது, முதல் மணி கேட்டால் முடிவுரைக்குப் போ என்று. போனேன்.

"எனவே, இதுவரை நான் எடுத்தியம்பிய கருத்துகளைச் சிந்தையில் இருத்துமாறு வேண்டி, வாய்ப்புக்கு நன்றி கூறி விடைபெறுகின்றேன்!"

ஒரு கருத்தும் எடுத்தியம்பவில்லை என்பது கதிரையில் இருந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ரிஸானாவின் வேலை, விண்ணப்பம், எல்லாவற்றையும் நான் அடைமொழிகளாக ஊதிப் பறக்கவிட்டிருந்தேன். செத்துப்போகலாம்போல இருந்தது.

ரிஸானா எழும்பினாள். கையிலிருந்த தாள்களைப் பார்த்தாள். அவற்றை வாசிக்க நேரமில்லை என்று தெரிந்து மேசையில் வைத்துவிட்டு, பயந்த குரலில் நேராகக் கதைத்தாள்.

"மாங்குளத்தில ஏறினா, முதல் ஆலடி. ஆல் இல்லை, றோட்டு அகட்டேக்க தறிச்சிட்டினம். அங்கால சங்கக்கடையடி. கடை இல்லை, அத்திவாரம் மட்டும் கிடக்கு. மில்லடியில மில் இல்லை. பிறகு பெரியம்மா வீட்டடி. வீடும் இல்லை. பெரியம்மா ஆரெண்டு பஸ்ஸில ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா எல்லாரும் அவான்ர பேரைச் சொல்லித்தான் இறங்குகினம்."

பேராசிரியை பேனையை எடுத்துக் குறிக்கத் தொடங்கினார்.

"இடம்பெயர்ந்து போன சனம் திரும்பி வந்து, இல்லாததுகளை வச்சுத்தான் தங்கட இடத்தைக் கண்டுபிடிச்சிருக்கு. பிறகு பிறந்த பிள்ளையளும் ஆலடி எண்டுதான் சொல்லுதுகள், ஆலைக் காணாமலே. ஏனெண்டு கேக்கிறதுதான் எங்கட ஆய்வு."

மணி அடித்தது. பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, நேரமெடுத்துத் திரும்பப் போட்டார். "கேள்விகள் இருக்கின்றனவா?" என்று மெதுவாகக் கேட்டார்.

வெள்ளைச் சேர்ட்காரர் கையை உயர்த்தினார். "மத்தியானத்துக்குச் சைவச் சாப்பாடு எத்தனை பேருக்கெண்டு சொன்னா நல்லம், மிஸ். அதைக் கேக்கத்தான் வந்தனான்."

பீடாதிபதியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் மேசைக்கு அடியில் போகலாமா என்று இடம் பார்த்தேன்.

பின்னேரம் ரிஸானாவுக்கு ஆய்வுரைச் சான்றிதழ் கிடைத்தது. பேராசிரியை தானே கூப்பிட்டுக் கொடுத்தார். "மற்றப் பிள்ளை எதைப் பற்றிப் பேசினவா?" என்று அவர் கேட்டதற்கு ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. ஆகவே எனக்குப் பார்வையாளருக்குரிய சான்றிதழைத் தந்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. கனகராயன்குளம் தாண்டும்வரை யன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தேன். பிறகு திடீரென்று, "அந்த மணியடிச்ச பிள்ளை ரெண்டாந்தரமும் எழும்பினவளெல்லே!" என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கினாள். நான் அழத் தொடங்கினேன். கொண்டக்டர் எங்களிடம் ரிக்கற் காசு கேட்கவே பயந்தார்.

வேலை அவளுக்குக் கிடைத்தது. இப்போது அவளே விரிவுரையாளர். இந்தக் கதையை என் கணவருக்குக் கல்யாணத்துக்கு முதலே சொல்லிவிட்டாள் (நட்பு!). கிளிநொச்சியில் அண்மையில் ஒரு கூட்டத்தில் அவள் பேசப்போனாள். நானும் கணவரும் பின்வரிசையில் இருந்தோம். அவள் மைக்கைப் பிடித்தாள், குரலில் நடுக்கமே இல்லை.

"எல்லாருக்கும் வணக்கம். உங்களையெல்லாம் தனித்தனியா விளிக்கிற வேலையை என்ர சிநேகிதி மாணவியா இருக்கேக்கையே முடிச்சிட்டா. அதால நான் நேர விஷயத்துக்கு வாறன்."

எங்கே போனாலும் இப்படித்தான் தொடங்குகிறாளாம். சபை சிரித்தது. "எழும்பிக் கும்பிடும்" என்று கணவர் முழங்கையால் இடித்தார். எழும்பிக் கும்பிட்டேன். மைக்கை மட்டும் ஒருவரும் என் பக்கம் நீட்டவில்லை.