எஸ்றாவுக்கு சீட்டு கிடைக்கவிடாமப் பண்ணுன கதை

பாளையங்கோட்டையை விட்டு என்னைய நாலு பேரு தூக்கிட்டுத்தான் போகணும். நானா நடந்து போகமாட்டேன். அப்படித்தான் சபதம் போட்டேன். சத்தமா இல்ல, மனசுக்குள்ள. சத்தமாப் போட்டா எம் பொண்டாட்டி ஃபெபி காதுல விழும்லா.

ஃபெபி நர்சு. தோஹாவுல ஒரு ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சிருக்கு. குடும்பத்தோட வரலாம், வீடும் உண்டு. எல்லாரும் ஆஹா ஓஹோங்காக. எனக்கு மட்டும் பிடிக்கல. ஏன்? இங்கன நான் ஜாஸ்பரு. காலேஜை ரெண்டாம் வருஷத்துல விட்டவன்தான். இருந்தாலும் டீக்கடையில நான் வாயத் தொறந்தா பத்து பேரு சிரிக்கான். தோஹாவுல நான் யாரு? நர்சம்மா வீட்டுக்காரரு. எம் பேச்சைக் கேட்டுச் சிரிக்க அங்கன ஒட்டகம்தான் இருக்கு. அதுக்கும் தமிழ் தெரியாது.

நல்லவேளை, ஃபெபி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா. "எஸ்றாவுக்கு அங்க ஸ்கூல்ல சீட்டு கிடைச்சாத்தான் போறோம். பிள்ளையை விட்டுட்டு நான் போகமாட்டேன். கிடைக்கலன்னா அந்த வேலையே வேண்டாம்."

எஸ்றா எம் மவன். ஏழு வயசு. தோஹாவுல இருக்க இண்டர்நேஷனல் ஸ்கூல்காரங்க லேப்டாப்பு வழியா அவனைப் பேட்டி எடுப்பாக. ரெண்டு ஸ்கூலு ஏற்கெனவே கைய விரிச்சாச்சு. எனக்குச் சந்தோசம், ஆனா ஆச்சரியம். ஏன்னா எம் மாமனாரு அருமைநாயகம் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டரு. அவரு வளர்ப்புல பையன் கையக் கட்டி, கண்ண மூடி, இருபத்திமூணாம் சங்கீதத்தை இங்கிலீஷ்ல மூச்சு விடாம ஒப்பிப்பான். சண்டே ஸ்கூல் வசனப் போட்டியில வருஷா வருஷம் அவனுக்குத்தான் எவர்சில்வர் தம்ளரு. எங்க வீட்டுல தம்ளரு காசு குடுத்து வாங்குனதே கிடையாது. ரெண்டு ஸ்கூல்லயும் "உன்னைப் பத்திச் சொல்லு"ன்னாக. சங்கீதத்தை ஒப்பிச்சுட்டு "ஆமென்"னு முடிச்சான்.

"பெறகு ஏன் சீட்டு தரல?"ன்னு ஃபெபிகிட்ட கேட்டேன், மூஞ்சியைச் சோகமா வெச்சுக்கிட்டு.

"நாலாம் வசனத்துல ஒரு வார்த்தைய முழுங்கிட்டான். கண்டுபிடிச்சுட்டாங்க."

"அடப்பாவிகளா! அவ்வளவு கண்டிப்பா?"

"இது என்ன! செவ்வாக்கிழமை மூணாவது ஸ்கூலு. இதுதான் கடைசி. இவங்க அதைவிடக் கண்டிப்பு. இங்க பாருங்க, உங்க கால்ல விழுந்து கேக்கேன். பிள்ளை எதிர்க்கேள்வி கேக்கக் கூடாது. நீங்க வாயே தொறக்கக் கூடாது. காலேஜை விட்ட கதைய மூச்சு விடக் கூடாது. முக்கியமா, சாரத்தைக் கட்டிட்டு வந்து உக்காரக் கூடாது. பேண்டு போடணும்."

"இதுல ஒண்ணு பிசகுனாலும்?"

"சீட்டு போச்சு. தோஹா போச்சு."

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. எதிரி கையில யாராவது இத்தனை வெடிகுண்டைப் பிரியமா எடுத்துக் குடுப்பாகளா?

மீரா முகைதீன் அண்ணாச்சி டீக்கடைக்கு ஓடுனேன். அண்ணாச்சி கல்ஃபுல பாதி ஆயுசைக் கழிச்சவரு. விசயத்தை அவுத்துவிட்டேன்.

"லே ஜாஸ்பரு, எதெல்லாம் செய்யக் கூடாதுன்னு அவளே வரிசையாச் சொன்னாளா?"

"ஆமா அண்ணாச்சி. அப்பிராணி!"

அண்ணாச்சி டீயை ஆத்துனாரு. ரொம்ப நேரம் ஆத்துனாரு. "தோஹாவுல வெயிலு ஜாஸ்தி. தொப்பி ஒண்ணு வாங்கிக்கோ"ன்னாரு.

"நாந்தான் போகலியே அண்ணாச்சி!"

"அதான் சொல்லுதேன். வாங்கிக்கோ."

வயசானா மனுசனுக்குக் காது மந்தமாயிரும்னு நெனச்சுக்கிட்டேன்.

சாயங்காலம் எஸ்றாவை சர்பத் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். "லே, பேட்டியில யாரு என்ன கேட்டாலும் திருப்பி நீ ஒண்ணு கேளு. ஒரு கேள்விக்கு ஒரு நன்னாரி சர்பத்து."

"தாத்தா அடிப்பாகளே?"

"தாத்தா லேப்டாப்புக்குள்ள வரமாட்டாரு."

"ஐஸ் போட்டா, போடாமலா?"

"லே, எங்கிட்டயே ஆரம்பிச்சுட்டியா!"

செவ்வாக்கிழமை வந்துச்சு. திரையில ஒரு வெள்ளக்காரம்மா. சிரிச்ச மூஞ்சி. "உனக்குப் பிடிச்ச இடம் எது எஸ்றா?"ன்னுச்சு, இங்கிலீஷ்ல.

"உங்களுக்கு எது பிடிக்கும்? முதல்ல நீங்க சொல்லுங்க."

ஒரு சர்பத்து. நான் விரலை மடக்குனேன்.

"உன் ஃப்ரெண்டு அழுதா என்ன செய்வ?"

"எந்த ஃப்ரெண்டு? என் ரப்பரை எடுத்தவனா, எடுக்காதவனா?"

ரெண்டு.

"உங்க ஊர்ல ஆறு இருக்காமே. அது எங்க போகுது?"

"புன்னக்காயல்ல கடலுக்குள்ள போகுது. அதை யாரும் பேட்டி எடுக்கலியே, என்னைய மட்டும் ஏன் எடுக்கீங்க?"

எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. இதுக்குக் கடையையே எழுதிவெக்கலாம். ஃபெபி மூஞ்சியைக் கையால பொத்திக்கிட்டா. தோளு குலுங்குது. அழுதா போல. பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா போர்னு வந்துட்டா பாவம் பாக்க முடியுமா?

அடுத்து நான். எழுந்திரிச்சு ஜன்னலைச் சாத்துத மாதிரி கட்டம்போட்ட சாரத்தை முழுசாக் காட்டிட்டு வந்து உக்காந்தேன்.

"காலேஜு வரைக்கும் படிச்சிருக்கீங்களா?"ன்னுச்சு அந்தம்மா.

"பாதி. வாத்தியாரும் பேசுனாரு, நானும் பேசுனேன். ரெண்டு பேருக்கும் ஒரே கிளாஸ்ரூம் பத்தல. வெளிய வந்துட்டேன்."

"பையனுக்கு வீட்டுப்பாடத்துல உதவி செய்வீங்களா?"

"வீட்டுப்பாடமா? கிழிச்சுக் கப்பல் விட்டுருவேன்."

அந்தம்மா குனிஞ்சு குனிஞ்சு எழுதுது. எழுதும்மா எழுது. தோஹாவுக்கு ஒரு கும்பிடு.

ரெண்டு நாள் கழிச்சு மெயில் வந்துச்சு. ஃபெபி தமிழ்ல சொல்லுதா: "'இப்படிச் சுயமா யோசிக்கிற பிள்ளையை நாங்க பாத்ததில்ல. எங்க ஸ்கூல்ல வீட்டுப்பாடமே கிடையாது. கேள்வி கேக்கிறதுதான் பாடம். இப்படி ஒரு தகப்பன் கிடைச்சது அவனுக்குப் பாக்கியம். சீட்டு உண்டு.'"

"ஏட்டி, கண்டிப்பான ஸ்கூலுன்னியே!"

"பொய்யி." சாவகாசமாச் சொல்லுதா. "அந்த நாலாம் வசனமும் பொய்யி. பிள்ளை ஒப்பிக்கத்தான் செய்யுதான், சொந்தமா ஒரு வார்த்தை வரலன்னுதான் ரெண்டு ஸ்கூலும் தள்ளுச்சு. எங்கப்பா கட்டிவெச்ச கைய அவுத்துவிட ஊர்ல ஒரே ஆளுதான் உண்டு."

"அதை எங்கிட்ட நேராவே சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருந்தா சங்கீதத்தோட நீதிமொழிகளையும் சேத்துல்லா ஒப்பிக்க வெச்சிருப்பீங்க?"

ஃபெபி தோளு மறுபடி குலுங்குச்சு. இப்பதான் தெரிஞ்சுது, அன்னைக்கும் அது அழுகை இல்ல.

சரி, போகட்டும். ஒரு தடவை ஏமாந்தா அது விபத்து. ரெண்டாவது தடவை ஏமாறுதவன்தான் மடையன். அன்னைக்கே புதுசா ஒரு சபதம் போட்டேன். இனிமே இவ ஒண்ணைச் செய்யாதீங்கன்னு சொன்னா, பைய உக்காந்து, ஏன் சொல்லுதான்னு யோசிச்சிட்டுத்தான் அடுத்த காரியம். தோஹாவுல இறங்கும்போது தலையில தொப்பியும் இருந்துச்சு, மனசுல சபதமும் இருந்துச்சு.

இப்ப எஸ்றா ஸ்கூல்ல உலக விருந்தாம். ஒவ்வொரு குடும்பமும் அவங்கவங்க ஊர்ச் சாப்பாடு கொண்டுபோகணுமாம், கிளாஸ் முழுக்கப் போதுத மாதிரி.

"நானே சொதி வெச்சுக்கிடுதேன்"ன்னா ஃபெபி. "நீங்க அடுப்பு பக்கமே வராதீங்க. தேங்காப்பால் பக்குவமெல்லாம் ஆம்பளைக்குப் பிடிபடாது."

"யாரைப் பாத்து பிடிபடாதுங்குத? எங்க, அந்தத் தேங்காத் துருவியை இங்கன கொண்டா!"

இருபது தேங்கா. பன்னெண்டாவதைத் துருவும்போதுதான் அந்தச் சபதம் ஞாபகம் வந்துச்சு.