வெட்டி எடுத்த பதினோரு நிமிடம்

ஐம்பது என்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அறிவித்தேன். வாரத்துக்கு ஒன்று, தவறாமல் ஐம்பது வாரம் வரும் பாட்காஸ்ட். நடுவில் நின்றால் என் பெயரை மாற்றிக் கூப்பிடு என்றேன். என் மனைவி நம்பூசி வாழை இலையைப் பிரித்து, ஆவி பறக்கும் வாழைக்காய் மசியலான மத்தோக்கேயை என் தட்டில் வைத்தாள். வேர்க்கடலைக் குழம்பை ஊற்றினாள்.

"ஒண்ணு எவ்வளவு நேரங்க?"

"இருபது நிமிஷம்."

"அதுக்குள்ள வந்தவங்களை நல்லா இருக்கீங்களான்னு கேட்டு முடிச்சிருவீங்களா?"

நான் சாப்பிட ஆரம்பித்தேன். பெரிய காரியத்தில் இறங்குகிறவன் இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி? அன்றைக்குக் கொஞ்சம் நின்றிருக்கலாம். இப்போது தோன்றி என்ன பிரயோஜனம்.

எங்கள் ஊர் முக்கோனோவில் என் முகம் தெரியாதவர்கள் உண்டு. குரல் தெரியாதவர்கள் கிடையாது. இருபத்திரண்டு வருடம் வானொலியில் இறப்பு அறிவிப்பு வாசித்தவன் நான். யார் போனார், எந்த ஊர், யாருக்கு மகன், அடக்கம் எத்தனை மணிக்கு. ஒரு நிமிடத்துக்குள் ஆறு பேரை அனுப்பிவைப்பேன். குடும்பத்தார் அழுதுகொண்டே இரண்டு பக்கம் எழுதி வருவார்கள். நான் பேனாவை எடுத்தால் நாலு வரி. அன்பும் பண்பும் பாசமும் முதல் வெட்டிலேயே போய்விடும். செத்தவருக்கே கோபம் வராதபடி வெட்டுவான் இந்தச் செருங்கூமா என்று நிலையத்தில் சொல்வார்கள்.

பிறகு நிலையம் கைமாறியது. புது ஆட்கள் இனிமேல் பாட்டுத்தான், சாவு வேண்டாம் என்றார்கள். வீட்டுக்கு வந்தேன். ஒரு வருடம் என் குரலைக் கேட்டது எங்கள் வீட்டுக் கோழிகள் மட்டும்தான். அது எனக்கு எப்படி வலித்தது என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. நம்பூசி கேட்காமல் இல்லை. தினமும் விடிந்ததும் முட்டி போட்டு உட்கார்ந்து, எப்படித் தூங்கினீங்க, உடம்பு எப்படி இருக்கு, மனசு எப்படி இருக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். நான் "ம்" என்பேன். கல்யாணமாகி இருபத்துநாலு வருடமாக அதுதான் என் பதில்.

கம்பாலாவில் பாட்காஸ்ட் தொடங்குவது எப்படி என்று இரண்டு நாள் வகுப்பு நடத்தினார்கள். போனேன். என் மகள் வயதுகூட இருக்காது, அந்த ஆசிரியைக்கு. அவள் சொன்னாள், பெரும்பாலான பாட்காஸ்ட் ஏழாவது பகுதியோடு செத்துப்போகும். நீடிக்க வேண்டுமா, முதலில் திட்டம். அடுத்தது, கேட்கிறவன் அரை நிமிடத்துக்கு மேல் காத்திருக்க மாட்டான், அதனால் நேராக விஷயத்துக்கு வா. எனக்கா சொல்ல வேண்டும்! வீட்டுக்கு வந்ததும் ஒரு பெரிய அட்டையில் ஐம்பது கட்டம் போட்டேன். மேலே கொட்டை எழுத்தில் 'நேராக விஷயத்துக்கு வா' என்று எழுதிச் சுவரில் மாட்டினேன்.

எதிரொலி வரக்கூடாது என்றால் துணி நிறைய வேண்டும் என்றார்கள். துணி என்றால் நம்பூசியின் பீரோதான். விசேஷத்துக்குக் கட்டும் கோமெசி ஒவ்வொன்றும் போர்வைக் கனம். பீரோவுக்குள்ளேயே உட்கார்ந்து பார்த்தேன், எனக்கே இடம் போதவில்லை, விருந்தாளியை எங்கே வைப்பது? ஒன்பது கோமெசியையும் வெளியே எடுத்து, கூடத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். அவள் சம்மதித்தாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். வீட்டுக்கு வந்தவர்களை முறையாக உட்கார்ந்து விசாரிக்காமல் அவளால் இருக்க முடியாதாம். விசாரி, ஆனால் சீக்கிரம் முடி என்றேன்.

முதல் விருந்தாளி முலோண்டோ. அவளுடைய தாய்மாமா, ஓய்வுபெற்ற சர்வேயர், வயது எழுபத்தெட்டு. நில எல்லைத் தகராறு பற்றிப் பேச அழைத்திருந்தேன். மைக்கைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். நம்பூசி பாயில் முட்டி போட்டாள்.

"எப்படித் தூங்கினீங்க மாமா?"

"நல்லா தூங்கினேன் தாயி. நீ?"

"நல்லா."

"ம்."

"ம்."

"பாடுபட்டீங்களே, நன்றி."

"நீயும் பாடுபட்டியே தாயி, நன்றி."

"ம்ம். அங்க என்ன சேதி?"

"நல்ல சேதிதான்."

நல்ல சேதி என்று சொன்ன பிறகுதான் மனிதர் ஆரம்பித்தார். இடது முழங்கால் பிடித்துக்கொண்டது. பசு கன்று போட்டது. ஜிஞ்சாவில் இருக்கும் மகள் போனை எடுப்பதில்லை, அது ஒன்றைத் தவிர அவள் தங்கமான பெண். போன வாரம் கனவில் காலமான மனைவி வந்து சாப்பிடக் கூப்பிட்டாளாம். இவர் கை கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் விழிப்பு வந்துவிட்டதாம். நம்பூசி ஒவ்வொன்றுக்கும் "ம்" போட்டாள். ஒவ்வொரு "ம்"மும் ஒவ்வொரு விதம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். பதினோரு நிமிடம் போயிற்று.

பிறகு நான் என் வானொலிக் குரலில் எல்லைத் தகராறுக்குக் காரணம் என்ன என்று கேட்டேன். மாமா போலீசுக்கு முன்னால் நிற்கிறவர் மாதிரி விறைத்துக்கொண்டார். மூன்று காரணம் சொன்னார். அச்சடித்த புத்தகத்தை வாசித்தது போல இருந்தது. எனக்குப் பரம திருப்தி.

முதல் பதினோரு நிமிடத்தை ஒரே வெட்டு. "எல்லைத் தகராறுக்கு மூணு காரணம்" என்று மாமா குரலோடு பகுதி தொடங்கியது. முப்பத்தெட்டுப் பேர் கேட்டார்கள்.

மறுநாளே மாமா வந்துவிட்டார். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார். இரட்டைப் பிள்ளைகள் பிறந்த நாள் முதல் ஊரில் நான் சலோங்கோ, அவள் நலோங்கோ. சொந்தப் பெயர் சொல்லி எங்களை யாரும் கூப்பிடுவதில்லை. மாமா அன்றைக்கு என் பெயரைச் சொன்னார்.

"செருங்கூமா, நான் எந்த வீட்லயும் நலம் விசாரிக்காம வாயைத் திறந்ததில்ல. உன் பெட்டியில பார்த்தா, திருட வந்தவன் மாதிரி நேரா நிலத்தைப் பத்திப் பேசறேன். கெழவனுக்குப் புத்தி பெசகிப்போச்சான்னு ஊர்ல கேக்கறாங்க."

அரை நிமிடக் கணக்கை அவருக்கு விளக்கினேன்.

"அரை நிமிஷம்கூட நிக்காதவனுக்காக வீட்டுக்கு வந்தவனை வெட்டுனியா?"

சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அவர் நாலு பேரிடம் சொன்னால் என் வீட்டுக்கு எவன் வருவான்? ஐம்பது கட்டத்தில் ஒன்றுதானே ஆகியிருக்கிறது.

வெட்டியதை என்ன செய்தேன் என்று நம்பூசி கேட்டாள். இருக்கிறது, அழிக்க வேண்டும் என்றேன். அழிக்க வேண்டாம், தன் போனுக்கு அனுப்பினால் அதை வைத்து மாமாவைச் சமாதானம் செய்கிறேன் என்றாள். உடனே அனுப்பினேன். இரண்டே நாளில் மாமா ஒரு தார் வாழைக்காய் கொடுத்தனுப்பினார். இவள் கெட்டிக்காரி என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு வாரமும் வெட்டியது அவளுக்குப் போகும், மிச்சம் உலகத்துக்குப் போகும். ஒருநாள் நான் எடிட்டிங்கில் இருந்தபோது வந்து நின்றாள். "ஏங்க, உடம்பு நல்லா இருக்கா? ஒண்ணு கேக்கலாமா? நீங்க வெட்டினதை வெச்சு நான்..." என்று ஆரம்பித்தாள். நான் திரும்பாமலே சுவரில் இருந்த அட்டையைக் கையால் காட்டினேன். அட்டையைப் படித்தாள். சரிங்க என்று போய்விட்டாள்.

கேட்பவர்கள் முப்பத்தெட்டு, முப்பத்தொன்று, இருபது என்று இறங்கி ஒன்பதில் வந்து நின்றார்கள். அதில் இரண்டு என் இரட்டையர்கள். அதுகளும் திறந்துவிட்டுத் தூங்கிப்போகுமாம், பிறகுதான் தெரிந்தது. ஏழாவது பகுதிக்குத் தேனீ வளர்க்கும் ஒரு அம்மாள் வந்தாள். நம்பூசி விசாரித்து முடித்ததும் அந்த அம்மாள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்று நான் பிடித்து உட்காரவைக்க வேண்டியதாயிற்று. வந்த வேலை முடிந்ததே என்று அவள் விழித்தாள். அதற்குப் பிறகு என் பேட்டிக்கு யாரும் வரவில்லை. அந்த வகுப்புக்காரி சொன்னபடி ஏழிலேயே செத்தது. நாற்பத்துமூன்று கட்டம் சுவரிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டு மாதம் கழித்து டாக்சி வேனில் கம்பாலாவுக்குப் போனேன். பதினாலு பேரும் ஆளுக்கொன்று பேசிக்கொண்டு வந்தார்கள். திடீரென்று வண்டி அமைதியாகிவிட்டது. டிரைவர் சத்தத்தைக் கூட்டினார். "அங்க என்ன சேதி?" என்று நம்பூசியின் குரல் கேட்டது. என் பக்கத்தில் தக்காளிக் கூடையோடு இருந்த பெண், ஸ்பீக்கரைப் பார்த்து "நல்ல சேதிதான்" என்றாள். பிறகு மாமாவின் முழங்கால், மாமாவின் பசு, மாமாவின் கனவு. கை கழுவிவிட்டுத் திரும்பும் இடத்தில் தக்காளிக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பின்னணியில் ஒரு சேவல் கூவியது.

"அது என் சேவல்" என்றேன்.

அவள் கூடையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். 'அங்க என்ன சேதி' நிகழ்ச்சி உங்களுக்குத் தெரியாதா, இந்த முதல் பகுதியை எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்கிறார்களே என்றாள். நான் வழியிலேயே இறங்கி, எதிர் வண்டி பிடித்து வீடு வந்தேன். என்ன பேசுவது என்று வழிநெடுகத் தயார் செய்துகொண்டேன். நம்பூசி தேநீரோடு வந்து, வழியெல்லாம் எப்படி இருந்தது என்று ஆரம்பித்தாள்.

"நேரா விஷயத்துக்கு வா" என்றேன்.

"சரிங்க. நீங்க வெட்டினதையே பாட்காஸ்டா போட்டேன். பசங்க போன்ல சொல்லிக்குடுத்தாங்க. வந்தவங்களை வழியனுப்பப் போறப்பவே சம்மதம் கேட்டுக்கிட்டேன். உங்களோட ஏழு தீர்ந்ததும் நானே அக்கம்பக்கம் போய் விசாரிச்சுப் போடறேன். ஆயிரத்து நானூறு பேர் கேக்கறாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் சுவரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். என் கையெழுத்து, அதுவும் கொட்டை எழுத்து. தேநீரைக் குடித்தேன்.

மழைக்காலத்தில் மாமா போய்விட்டார். அடக்கத்தில் அறிவிப்பை என்னிடம்தான் வாசிக்கச் சொன்னார்கள். பழக்கதோஷம், நாலு வரியில் முடித்துவிட்டேன். பிறகு யாரோ போனில் அந்தப் பதினோரு நிமிடத்தைப் போட்டார்கள். ஜிஞ்சா மகள் ஈரத் தரையில் உட்கார்ந்து கேட்டாள். அது ஒன்றைத் தவிர அவள் தங்கமான பெண் என்று மாமா சொன்னார். அவள் எழுந்து வந்து, அப்பா குரலை இப்படிக் காப்பாற்றிக் கொடுத்தீர்களே என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். காப்பாற்றியது நம்பூசி என்று சொன்னேன். அழிக்க இருந்தவன் நான் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த மனிதர் கனவைச் சொன்னபோது நான் இரண்டு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

அவளுடைய ஐம்பதாவது பகுதி நெருங்கியபோது, என்னையும் கூப்பிடு என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன். உடனே சரி என்றாள். முகம் மழித்துக் கோட்டுப் போட்டுக்கொண்டு, மூன்று பக்கம் எழுதி வைத்துக்கொண்டேன். என்னை வேலையிலிருந்து அனுப்பியது, அந்த ஒரு வருடம், அவளிடம் சொல்லாமல் விட்டது எல்லாம் அதில் இருந்தது. ஊர் முழுக்க மறுபடி என் குரலைக் கேட்கப் போகிறது. கோமெசிகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். அவள் பாயில் முட்டி போட்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, இவள் எப்போது முடிப்பாள் என்று காத்திருந்தேன். முடித்ததும் வாசித்தேன். ஓரிடத்தில் குரல் உடைந்துவிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் எந்தச் சாவுக்கும் உடையாத குரல். அவள் என் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு கடைசி வரை கேட்டாள். "பாடுபட்டீங்களே, நன்றி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பகுதி வந்தது. சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் பதினோரு கேள்வி கேட்டாள். நான் பதினோரு தடவை "ம்" என்றேன். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. மொத்தம் நாற்பது வினாடி.

"மிச்சம் எங்க?"

"நம்ம நிகழ்ச்சி விசாரிக்கறது மட்டும்தாங்க. பேச்சு வந்தா வெட்டிருவேன். வெட்டறது உங்ககிட்ட கத்துக்கிட்டதுதானே."

"அந்த மூணு பக்கம்?"

"அது எனக்குச் சொன்னீங்கன்னு நெனச்சேன். பத்திரமா வெச்சிருக்கேன்."

போனை எடுத்து, கேட்டவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தேன். முதல் ஆளாக ஒரு பெண் எழுதியிருந்தாள்: "பாவம் நலோங்கோ, உங்க வீட்டுக்காரருக்கு எத்தனை வருஷமா பேச்சு வராது?"