சம்பந்தி அனுப்பிய படகு மோட்டார்

நந்திதுர்க் லைன்,
கோலார் தங்கவயல்

மதிப்பிற்குரிய சம்பந்தி திரு. ரெமிஜியுஸ் பர்னாந்து அவர்களுக்கு, தங்கவயலிலிருந்து சிரில் பணிவோடு எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே நானும் மனைவி ஞானசுந்தரியும் கல்யாணப் பெண்ணான மகள் அமலாவும் சுகம். தூத்துக்குடியில் தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளை கிளமென்டும், தங்கள் படகுகளும் வலைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டுகிறோம். தாங்கள் அனுப்பிய மோட்டாரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. அப்படி எழுத முடியாததால்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லலாம். ஆனால் பாதியில் ஞானசுந்தரி போனைப் பிடுங்கிக்கொண்டு சம்பந்தியம்மாவிடம் புடவை பேசப் போய்விடுவாள்.

மாப்பிள்ளை போன் செய்து, "மாமா, அப்பாவோட பழைய மோட்டார் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. நீங்க சுரங்கத்துல பம்ப் ஃபிட்டரா இருந்தவங்க, உங்க கை பட்டாத்தான் சரியாகும்" என்றார். அந்தச் சொல்லில் நான் குளிர்ந்துபோய், அனுப்புங்கள், இரண்டு நாள் வேலை என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. பார்சல் லாரிக்காரர்கள் மோட்டாரை வாசலில் இறக்கியபோது எங்கள் லைன் வீடுகளில் இருக்கிறவர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். பக்கத்து வீட்டு வாசு சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னாணா இது, கடலே இல்லாத ஊருக்கு மோட்டார் வந்துகீது? மீதி படகு பின்னால வருதா?" என்று கேட்டான். எனக்கும் அதே குழப்பம்தான். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்ப்பார்கள், வீட்டைப் பார்ப்பார்கள், பெண்ணின் அப்பனுக்கு மோட்டார் பிரிக்கத் தெரியுமா என்று பார்க்கிற வழக்கம் கடற்கரைப் பக்கம் உண்டா என்று எங்கள் பங்குச் சாமியாரிடமே கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. எனக்காக ஜெபிப்பதாகச் சொன்னார்.

சம்பந்தி அவர்கள் ஒன்றை யோசித்துப் பார்க்க வேண்டும். நான் செய்த உத்தியோகமே பூமிக்கடியில் ஊறுகிற தண்ணீரை மேலே தள்ளுவது. மோட்டார் நனையாமல் பார்த்துக்கொண்டால்தான் அங்கே கெட்டிக்காரன் என்பார்கள். தாங்கள் அனுப்பியதோ தண்ணீரில் நிற்காவிட்டால் சூடேறிச் செத்துப்போகிற மோட்டார். சரி, இன்ஜின் என்றால் ஆயில் இருக்குமே என்று ஆயில் ஊற்றுகிற மூடியைத் தேடினேன், எங்கும் இல்லை. கீழே படகைத் தள்ளுகிற விசிறிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்க்ரூ இருந்தது, கழற்றினேன், பால் ஊற்றின டீ மாதிரி ஏதோ கூடமெல்லாம் கொட்டியது. அது கியர் ஆயில் என்பதும், சீல் கெட்டுப்போய் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது என்பதும் பிறகுதான் புரிந்தது. இன்ஜினுக்கு ஆயிலைப் பெட்ரோலிலேயே கலக்க வேண்டும் என்று, பழைய ஸ்கூட்டர் வைத்திருக்கிற வாசு சொன்னான். எவ்வளவு என்று எழுதியிருந்த ஸ்டிக்கரில் பாதி உப்புக்காற்றில் உரிந்துபோயிருந்தது. "கண்ணளவுதாணா" என்று வாசுவே ஊற்றினான். அவனுக்குக் கண் கொஞ்சம் பெரிசு.

அதன் பிறகு ஸ்டார்ட் பண்ணுகிற கயிற்றை இழுத்தேன். வரவில்லை. கார்புரேட்டரைப் பிரித்தால் பழைய பெட்ரோல் பிசினாகக் காய்ந்து துவாரத்தை அடைத்திருந்தது. ஞானசுந்தரியின் ரசச் சட்டியில் பெயிண்ட் தின்னர் ஊற்றி ஊறவைத்துச் சுத்தம் செய்தேன், அந்தச் சட்டியைப் பற்றி இங்கே எழுத விரும்பவில்லை. அப்புறமும் வரவில்லை. ப்ளக்கைக் கழற்றி இன்ஜின் உடம்பில் ஒட்டிவைத்துக் கயிற்றை இழுத்துப் பார்த்தால் பொறியே இல்லை. புது ப்ளக் போட்டேன், வயரையெல்லாம் உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன், காயிலைக் கழற்றி மாட்டினேன். வாசு இழுத்தான், கேஸ் சிலிண்டர் போட வந்தவர் இழுத்தார், துக்கம் விசாரிக்க எதிர் வீட்டுக்கு வந்தவர்கள்கூட ஆளுக்கு ஒருமுறை இழுத்துவிட்டுப் போனார்கள். என் தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம்.

இங்கே என் வெட்கக்கேட்டைச் சொல்லித்தான் ஆகவேண்டும். சுரங்கத்தில் எங்களுக்கு ஒரு பழக்கம். மெஷினைப் பிரிக்கிற ஃபிட்டர் முதல் வேலையாக ஃபியூஸைப் பிடுங்கித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொள்வான். அடுத்த ஷிப்டுக்காரன் விவரம் தெரியாமல் சுவிட்சைப் போட்டால் உள்ளே இருக்கிற கை போய்விடும் அல்லவா. தங்கள் மோட்டார் வந்து இறங்கிய அன்றே, சுவிட்சில் சுருள் கயிற்றோடு மாட்டியிருந்த சிவப்புக் கிளிப்பை என் கை தானாகப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டிருக்கிறது. புத்திக்குத் தகவல் கொடுக்கவில்லை. சட்டை மாற்றும்போதெல்லாம் அந்தப் பாக்கெட்டிலிருந்து இந்தப் பாக்கெட்டுக்கு அதை மாற்றவும் மாற்றியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது ஞானசுந்தரிதான், "இன்னாங்க, கோயிலுக்கு வர்றப்போகூட இன்னாத்துக்கு அந்தச் செவப்புக் கயிறு பாக்கெட்ல தொங்கினு கீது? பக்கத்துல ஒக்காந்தவங்க புதுசா வந்த ஜெபமாலையான்னு கேக்கறாங்க" என்றாள். ஓட்டுகிறவர் கடலில் விழுந்தால் அந்தக் கிளிப் கழன்று மோட்டார் நிற்கும், கிளிப் இல்லாவிட்டால் பொறியும் வராது என்பது தங்களுக்குத் தெரிந்ததுதான். எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கிளிப்பை மாட்டி இழுத்தேன், உயிர் வந்துவிட்டது. அதற்கு முன்னால் தண்ணீரில் நிறுத்த வேண்டுமே என்று, வீட்டில் தண்ணீர் பிடித்து வைத்திருந்த நீல டிரம்மில்தான் மோட்டாரைப் பலகை கொடுத்து மாட்டியிருந்தேன். இங்கே குழாயில் தண்ணீர் தினமும் வராது, அது அந்த வாரத்துக்குச் சமைக்கவும் குளிக்கவும் வைத்திருந்த தண்ணீர். விசிறி சுற்றிய வேகத்தில் டிரம்மில் இருந்ததெல்லாம் கூரைக்கும் வாசுவுக்கும் போய்விட்டது. வாசு ஊற்றிய ஆயில் புகையாகக் கிளம்பியதில், கொசு மருந்து அடிக்க வந்துவிட்டார்கள் என்று லைனில் எல்லோரும் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். பக்கத்துத் துவாரத்தில் தண்ணீர் பீய்ச்ச வேண்டும் என்கிறார்களே, அது சொட்டுக்கூட வரவில்லை. கிளிப்பைப் பிடுங்கி நிறுத்திவிட்டுக் கீழே பிரித்தால், இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர் இறைக்கிற ரப்பர் விசிறியில் இறக்கைகள் எல்லாம் ஒடிந்திருந்தன. சுரங்கத்துப் பழைய பெல்ட் ரப்பரில் ஒன்று வெட்டிப் போட்டேன். அது தடியாகிப்போனதால் மோட்டார் இப்போது அசையவே மாட்டேன் என்கிறது.

மொத்தத்தில், ஓடாமல் வந்தது ஓடி, மறுபடி ஓடாமல், கூடத்தில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. இதனால் கல்யாண வேலை ஒன்றையும் நான் பார்க்கவில்லை. மண்டபம் எது என்று கேட்டால், "நீங்க மோட்டாரப் பாருங்க" என்கிறாள் ஞானசுந்தரி. எனக்குத் தூக்கம் வருவதில்லை. ஒரு மோட்டாரைச் சரியாக்கத் தெரியாதவன் வீட்டில் பெண் எடுப்பதா என்று தாங்கள் நினைத்துவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. அமலா எங்களுக்கு ஒரே மகள். மாப்பிள்ளையிடம் போனில் பேசிவிட்டு வரும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்கிறேன். என் கைப்பிசகால் அந்த முகம் வாடக்கூடாது. மோட்டார் மேல் வருகிற கோபத்தை என் மேல் காட்டுங்கள், பெண் மேல் காட்ட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர். கடல் தங்களுக்கு எப்போதும் அமைதியாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குப் பயந்திருக்கும்
சிரில்

பின்குறிப்பு: தபாலில் போடச் சொல்லி இதை அமலாவிடம் கொடுத்தேன். உறையை ஒட்டாமல் கொடுத்துவிட்டேன். முழுக்கப் படித்துச் சிரித்துவிட்டு, அம்மாவையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் படித்துக் காட்டினாள். தங்கள் வீட்டில் பழைய இரும்புக்குப் போட ஒதுக்கிவைத்த மோட்டாராம் இது. தாங்கள் அதைத் தேடக்கூட இல்லையாம். மாப்பிள்ளையிடம் சொல்லி அனுப்ப வைத்தது அமலாதானாம். "அத்தை பொண்ணு கல்யாணத்துல நீ போட்ட சண்டைல பந்தல்காரன் பாதி பந்தலோட ஓடிட்டான்பா. உன் கைல ஒரு இன்ஜின் குடுத்தாத்தான் எங்க வேலை நடக்கும்னு நான்தான் சொன்னேன்" என்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. கோயிலுக்குள் அவளைக் கைபிடித்து நடத்திக்கொண்டு போகவும் வேறு ஆள் பார்த்துவிட்டீர்களா என்று கேட்டேன். "அது உன் வேலைதாம்பா. அன்னிக்கு மட்டும் கையக் கழுவிகினு வா" என்றாள். அதற்கு மேல் கோபப்பட முடியவில்லை, கண் கலங்கிவிட்டது. ஆகையால் மேலே எழுதியதைத் தாங்கள் படிக்காததாக வைத்துக்கொள்ளவும். அந்த ரப்பர் விசிறி மட்டும் ஒன்று வாங்கி உடனே அனுப்பிவையுங்கள். விருந்துச் சமையல்காரர் இன்னும் பத்து நாளில் வருகிறாராம், அவர் பேசி முடித்துவிட்டுப் போகிறவரை எனக்கு வேலை வேண்டும்.