விழுந்தது விழுந்தபடியே

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்கள் சமுகத்திற்கு, அக்காள் கணவன் நிமிர்ந்து உட்கார்ந்து எழுதிக்கொண்டது. இங்கே என் முதுகு நீங்கலாக அனைவரும் நலம். அங்கே தங்கள் வலது கால் நீங்கலாக அனைவரும் நலம் என்று தங்கள் கடிதத்தால் அறிந்தேன்.

கால் மரத்து, செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் தாங்கள் பேருந்துப் பணிமனை வரை நடந்துபோனதைப் படித்து உங்கள் அக்கா அழுதாள். பிரேக்கை மிதிக்கிற கால் என்பதால் வண்டியை விட்டு இறக்கிவிட்டார்கள் என்பதையும், முதுகில் கத்தி வைக்காவிட்டால் அந்தக் கால் மொத்தமாகவே போய்விடும் என்று டாக்டர் சொன்னதையும், திங்கட்கிழமைக்குள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதையும் மனதில் வாங்கிக்கொண்டேன். "நீங்கள் பட்டவர். செய்துகொள்ளலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில் எழுதுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே வார்த்தையில் எழுத எனக்கு வராது. மரியாதையும் இதற்கு மேல் வராது மச்சான். என் முதுகைப் போலவே அதுவும் ரொம்ப நேரம் விறைப்பாக நிற்காது. நீ என்றே எழுதுகிறேன்.

என் ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. கால் வலி போயே போய்விட்டது. உள்ளே ஆறு திருகாணி போட்டு இறுக்கியிருக்கிறார்கள். தெருவே என்னை மறை கழண்டவன் என்று சொன்னபோது நான் கவலைப்பட்டதில்லை. இப்போது எல்லா மறையும் இறுக்கமாக இருக்கிறது, எப்போது கழலுமோ என்று ஒரே கவலை. "இனிமே தாராளமா குனியலாம், வேலைக்குப் போகலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்கென்ன, குனியப்போவது அவரா? நான் இன்றுவரை குனியவில்லை. கையிலிருந்து எது விழுந்தாலும் விழுந்தது விழுந்தபடியே கிடக்கிறது. முதலில் உன் அக்கா எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் அப்படிச் சொன்ன அன்றே வேலைநிறுத்தம் ஆரம்பித்துவிட்டாள். "நீங்க போட்டத நீங்களே எடுங்க. உங்களுக்குக் குனிஞ்சு குனிஞ்சு என் முதுகும் போச்சுன்னா, எனக்கு யாரு திருகாணி போடுறது?" என்கிறாள். சீப்பு, மூக்குக் கண்ணாடி உறை, ஒற்றைக் காலுறை என்று வீடு முழுக்கக் கிடக்கிறது. அவற்றைச் சுற்றி வளைத்துப் பெருக்குகிறாளே தவிர, தொடுவதில்லை.

தையல் கடையில் கத்தரிக்கோல் விழுந்தபோது ஒரு யோசனை செய்தேன். சிந்திய ஊசிகளைப் பொறுக்க வைத்திருக்கும் காந்தத்தை இஞ்சு டேப் நுனியில் கட்டித் தூண்டில் போட்டேன். கத்தரி மாட்டியது. பாதி தூரம் மேலே வந்தபோது, கத்தரியை இழுக்கிற காந்தம் முதுகுத் திருகாணியை இழுக்காதா என்று தோன்றியது. அவ்வளவுதான், டேப்போடு சேர்த்து வீசிவிட்டேன். பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபிப் பெண்ணிடம் கேட்டால் சிரிக்கிறாள். "ஐயா, உங்க முதுகுல இருக்கிறது காந்தத்துக்கெல்லாம் மசியாது. குனிஞ்சாலும் கழலாது, தும்மினாலும் கழலாது" என்றாள். நான் தும்மலைப் பற்றிக் கேட்கவே இல்லை மச்சான். அவளாகச் சொன்னதிலிருந்து தும்மலுக்கும் பயமாகிவிட்டது.

தொழிலைச் சொல்லவே வேண்டாம். துணி வெட்டும் மேசைக்கு நாலு காலிலும் செங்கல் கொடுத்து உயர்த்திவிட்டேன். ஆனால் பேண்டுக்கு அளவெடுக்கக் கணுக்கால் வரை இறங்கியாக வேண்டுமே. நான் இறங்க முடியாதென்றால் கணுக்கால்தான் ஏறி வர வேண்டும் என்று, வந்த வங்கி மேலாளரை மேசைமேல் ஏற்றினேன். செங்கல் வைத்தது ஞாபகமில்லை. அவர் தலைக்கு மேலே மின்விசிறி ஓடுகிறது. மனிதர் முழங்காலை மடக்கி, தலையைப் பொத்திக்கொண்டு, "சீக்கிரம் மாஸ்டர், சீக்கிரம்!" என்று அலறினார். நானும் பதற்றத்தில் இடுப்பிலிருந்து கணுக்காலுக்கு டேப்பை நேராகத் தொங்கவிட்டு அளவெடுத்தேன், அதே அளவில் வெட்டியும் தொலைத்தேன். பேண்ட் கெண்டைக்காலோடு நின்றுவிட்டது. "ஏன் மாஸ்டர், வெள்ளம் கிள்ளம் வரப்போகுதா?" என்று அவர் கேட்க, பொத்தான் துளை தைத்துக்கொண்டிருந்த நம் காஜாக்காரர் தலையைத் தூக்காமலே, "சாரை மறுபடியும் மேசைமேல ஏத்தினா அளவு கரெக்டா இருக்கும்" என்றார்.

நீ சிரிப்பாய். எனக்கு உள்ளுக்குள் நடுக்கம். காலையில் கண்ணைத் திறப்பதற்கு முன்னால் கால் விரல்களை ஆட்டிப் பார்க்கிறேன். ஆடினால்தான் எனக்குப் பொழுது விடிகிறது. ஒரே ஒரு தடவை குனிந்து, உள்ளே டக்கென்று ஏதோ ஆகி, திரும்பவும் படுக்கையில் விழுந்தால் என் கதி என்ன? கத்தரி பிடிப்பதைத் தவிர எனக்கு வேறு என்ன தெரியும்? மூச்சை இழுத்து விடவே யோசித்து யோசித்துத்தான் விடுகிறேன். ஆகவே என் பதில்: வேண்டாம் மச்சான். மரத்த கால் வலிக்காது. பயம் நாள் முழுக்க வலிக்கிறது.

வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கங்கள், குனியாமல். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். எல்லோரும் நோய்நொடி இல்லாமல், முக்கியமாகத் தும்மல் இல்லாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது, மின்விசிறிக் காற்றில் "வேண்டாம்" என்று எழுதிய பக்கம் பறந்துபோய் மேசைக்கு அடியில் விழுந்தது. தூசியைத் தட்டி, மடித்து, உறைக்குள் திணித்துக்கொண்டிருந்தேன். வாசற்படியில் நின்ற உன் அக்கா, "அத யாரு எடுத்துக் குடுத்தா?" என்று கேட்டாள். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. வீட்டில் எங்களைத் தவிர ஆளே இல்லை. அதன் பிறகுதான் எனக்கு வியர்த்துக் கொட்டியது. நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கால் விரல்களை ஆட்டிப் பார்த்தேன். எல்லாம் ஆடின. உன் அக்கா என் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பயம் போய்விட்டது என்று நினைக்காதே, எழுத்துக் கோணலைப் பார்த்தாலே தெரியும். ஆனால் மேலே எழுதியதையெல்லாம் விட்டுத்தள்ளு. திங்கட்கிழமை வரை காத்திருக்காமல் நாளைக்கே போய்ச் சரி என்று சொல்லிவிடு. தேறி வண்டியில் ஏறுவதற்கு முன்னால் புது பேண்டுக்குத் துணியோடு வா. நீ தரையிலேயே நில், அளவு நான் எடுக்கிறேன்.