மதர்போர்டில் ஒரு பல்லைக் காணோம்

கை வைக்காதீங்க என்று மனைவி சொல்லியிருந்த பொருளின் மேல்தான் சனிக்கிழமை காலை அவர் கை வைத்தார்.

அது அவளுடைய கம்ப்யூட்டர். குழந்தைகளின் பாடப்புத்தகங்களுக்குப் படம் வரைவது அவள் வேலை. பல மாதங்களாக வரைந்த யானை, ஒட்டகம், நீராவி எஞ்சின், தவளையின் வயிறு எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தன. திங்கட்கிழமை பதிப்பகத்தில் ஒப்படைத்தாக வேண்டும். கொஞ்ச நாளாகப் பெட்டி நத்தையாக நகர்ந்தது. "இந்த வேலை முடியட்டும், கடைக்காரரை வரச்சொல்லிப் பாக்கலாம். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது" என்றாள்.

கடைக்காரரா? அவருக்குச் சுருக்கென்றது. அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அவருக்கு 'எக்ஸ்பர்ட்' என்று பெயர். பாதிப் பேர் மரியாதையாகச் சொன்னார்கள். மீதிப் பேர் அவரிடம் ரிப்பேருக்குக் கொடுத்துப் பார்த்தவர்கள்.

திரைக்குப் படம் அனுப்பும் புது கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றையும் இரண்டு மெமரி பட்டைகளையும் ரகசியமாக வாங்கிவந்து, அலமாரியில் தன் சட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார் எக்ஸ்பர்ட். சனிக்கிழமை மனைவி அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். அவள் லிஃப்டில் இறங்கும் சத்தம் அடங்குவதற்குள் இவர் ஸ்க்ரூடிரைவரோடு கம்ப்யூட்டர் இருந்த சின்ன அறைக்குள் நுழைந்திருந்தார்.

மூடியைக் கழற்றினார். தூசியை ஊதித் தள்ளினார். மதர்போர்டு என்கிற தாய்ப்பலகையிலிருந்து பழைய பட்டைகளைப் பிடுங்கிப் புதியவற்றைச் சொருகினார். கார்டையும் அழுத்தி உட்காரவைத்தார். எல்லாம் இட்லிக்கு மாவு ஊற்றுவதுபோல் சுலபமாக நடந்தது. அதுவே அவருக்குச் சந்தேகத்தைக் கொடுத்திருக்க வேண்டும்.

ஸ்விட்சைப் போட்டார். விசிறி சுற்றியது. விளக்கு எரிந்தது. திரை மட்டும் கன்னங்கரேல் என்று இருந்தது.

அணைத்துப் போட்டார். கறுப்பு. பட்டைகளைக் கழற்றித் துடைத்து, டக்கென்று சத்தம் வரும்வரை அழுத்திப் போட்டார். கறுப்பு. கார்டுக்கு மின்சாரம் போகும் வயரை இழுத்துப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. அந்தக் கறுப்புக் கண்ணாடியில் அவர் முகம் மட்டும் தெரிந்தது. அது பார்க்கிற மாதிரி இல்லை.

யானை போச்சு. ஒட்டகம் போச்சு.

போன் அடித்தது. மனைவி.

"என்ன பண்றீங்க?"

"சும்மா உக்காந்திருக்கேன்."

"மூச்சு வாங்குது?"

"வேகமா உக்காந்துட்டேன்."

"சரி. சாயந்திரம் வர்றதா இருந்தேன். இங்க வேலை சீக்கிரம் முடிஞ்சுது, இப்பவே கிளம்பலாம்னு பாக்கறேன்."

அவர் திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார். "ஐயோ, மதர்போர்டு..." என்று வாய் குழறிவிட்டது.

"என்னது? மதரா?"

"ஆமா, மதர். உங்க அம்மா. எப்படி இருக்காங்கன்னு கேட்டேன்."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து நீங்களா கேக்கறது இதுதான் முதல் தடவை."

"பெரியவங்க. தனியா இருக்காங்க. பாவம்."

"அப்ப கையோட கூட்டிட்டு வரட்டுமா?"

மாமியார் வீடு ஊரின் இன்னொரு மூலை. போய்வர மத்தியானம் தாண்டிவிடும். மூழ்குகிறவனுக்குக் கட்டை கிடைத்தது போலிருந்தது. "தாராளமா. அவசரமே இல்லை. மெதுவா, சாப்பிட்டு, தூங்கி எழுந்து வாங்க."

போனை வைத்ததும் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினார். எதிர் வீட்டுக்காரர் பல் டாக்டர். கம்ப்யூட்டர் தெரியாது, ஆனால் நல்ல டார்ச் வைத்திருந்தார். பெட்டியைச் சாய்க்கச் சொல்லி உள்ளே வெளிச்சம் அடித்தார்.

"எப்பலேர்ந்து இப்படி இருக்கு?"

"காலையிலேர்ந்து."

"சூடு பட்டா, குளிர் பட்டா எதுவும் காட்டுதா?"

"எதுவுமே காட்டமாட்டேங்குது டாக்டர், அதுதான் பிரச்சினை."

டாக்டர் பின்பக்கம் போனார். "புது கார்டுல ஒரு ஓட்டை காலியா இருக்கே. திரையோட வயரைப் பழைய ஓட்டையிலேயே விட்டுட்டீங்களா?"

விட்டிருந்தார். வயரைப் பிடுங்கிப் புது கார்டில் சொருகியதும் திரை பளிச்சென்று விழித்தது. எக்ஸ்பர்ட்டுக்கு உயிர் வந்தது. டாக்டரைக் கட்டிக்கொள்ளப் போனார். அதற்குள் திரையில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி வந்து நின்றது. கம்ப்யூட்டரைக் கிளப்ப டிஸ்க் எதுவும் இல்லை என்றது.

"இல்லைன்னா?" என்றார் எக்ஸ்பர்ட்.

டாக்டர் மறுபடியும் டார்ச்சை அடித்தார். மதர்போர்டின் நடுவில் மெல்லிய பள்ளம் ஒன்று தெரிந்தது. பக்கத்தில் ஒரு ஸ்க்ரூ தனியாக நின்றது.

"இங்க ஒரு பல்லைக் காணோம்" என்றார் டாக்டர். "என் க்ளினிக் கம்ப்யூட்டரை ரிப்பேர் பண்றப்போ பாத்திருக்கேன். சூயிங்கம் கணக்கா பட்டையா ஒண்ணு இருக்கும். அதுதான் டிஸ்க். எல்லாம் அதுலதான் இருக்கும். எங்க அது?"

எக்ஸ்பர்ட் தரையைப் பார்த்தார். காலையில் தூசியை ஊதினாரே. எவ்வளவு பலமாக ஊதினார்?

"நீங்க தேடுங்க" என்று டாக்டர் டார்ச்சை எடுத்துக்கொண்டார். "க்ளினிக்ல எனக்கு ஒருத்தர் வாயைத் திறந்து வெச்சுட்டுக் காத்திருக்கார்."

எக்ஸ்பர்ட் மண்டியிட்டார். அந்த அறையில் தரை தெரிகிற இடம் குறைவு. ஓடாத ஃபேன்கள், திறக்காத அட்டைப் பெட்டிகள், ஒருநாள்கூட மிதிக்காத உடற்பயிற்சி சைக்கிள், என்றாவது உதவும் என்று அவர் சேர்த்துவைத்த வயர் மூட்டைகள். ஒவ்வொன்றாக உதறி உதறி பால்கனிக்குக் கொண்டுபோனார். இரும்பு அலமாரியை முதுகு கொடுத்துத் தள்ளி, ஹால் வரைக்கும் நகர்த்தினார். மூலையெல்லாம் பெருக்கி, அள்ளிய குப்பையைச் சல்லடையில் போட்டுச் சலித்தார். ஒரு நாணயம் வந்தது. ஒரு பல்லி எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. சூயிங்கம் வரவில்லை.

கடைசியில் ஈரத்துணியால் தரையைத் துடைத்தார். தேடுவதற்காக அல்ல. சும்மா இருந்தால் அழுகை வந்துவிடும் போலிருந்தது.

காலிங் பெல் அடித்தது.

வாசலில் மனைவி. பின்னால் மாமியார், பெட்டிகளோடு.

பயத்தில் அவருக்கு முன்னுரை எதுவும் தோன்றவில்லை. "யானை போச்சு" என்றார். பிறகு எல்லாவற்றையும் கொட்டினார். கார்டு, ஊதியது, பல்லு, சல்லடை. "திங்கக்கிழமை பதிப்பகத்துக்கு நானே வந்து அவங்க கால்ல விழறேன்" என்றும் சொன்னார்.

மனைவி நேராகச் சின்ன அறைக்குள் போனாள். கைப்பையைத் திறந்து, பஞ்சில் சுற்றிவைத்த மெல்லிய பட்டை ஒன்றை எடுத்தாள். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் சொருகி ஸ்க்ரூவைத் திருகினாள். ஸ்விட்சைப் போட்டாள். திரையில் யானை வந்தது. முன்பைவிட வேகமாகவே வந்தது.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "இது எப்படி உன்கிட்ட?"

"நேத்து ராத்திரி நானே கழட்டி எடுத்துட்டேன்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"நாளைக்கு எப்பக் கிளம்பறே, எப்பக் கிளம்பறேன்னு அன்பா நாலு தடவை கேட்டீங்களே. உங்க சட்டைகளை நகர்த்திப் பாத்தேன்."

"போன்லயாவது சொல்லியிருக்கலாமே. செத்துப் பிழைச்சிருக்கேன்."

"சொல்லத்தான் நினைச்சேன். நீங்க பாசமா அம்மாவைப் பத்திப் பேச ஆரம்பிச்சீங்க. குறுக்கே பேச மனசு வரலை."

அதற்குள் மாமியார் சின்ன அறையைச் சுற்றி நடந்துவந்தார். பளபளவென்றிருந்த தரையைக் காலால் தடவிப் பார்த்தார். ஜன்னலைத் திறந்து காற்று வருகிறதா என்று பார்த்தார்.

"எனக்காகவா மாப்பிள்ளை இவ்வளவும் ஒழிச்சு வெச்சீங்க?" என்றார். கண் கலங்கியிருந்தது. "ரெண்டு நாள் இருந்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன். இதைப் பாத்தப்புறம் எப்படிப் போறது?"

எக்ஸ்பர்ட் மனைவியைப் பார்த்தார். அவள் ஹாலில் நின்ற இரும்பு அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலு வருஷமா இதை நகர்த்துங்கன்னு கெஞ்சியிருக்கேன்" என்றாள். "சும்மா ஒரு ஸ்க்ரூவைக் கழட்டினா போதும்னு யாரும் சொல்லலையே."