ஒன்பதாவது துணைக் கேள்வி

"கவருக்குள்ள ஒரே ஒரு தாள்தான் இருக்கு!" என்று தொலைபேசியில் கத்தினார் அமைச்சரின் தனிச் செயலாளர். "அந்தப் பதினாலு பக்கம் எங்கேய்யா?"

அவன் எழுந்து நின்றுவிட்டான். எரிசக்தி, தகவல் தொடர்பு அமைச்சகத்தில் இளநிலை எழுத்தர். வேலையில் சேர்ந்து பதினோரு மாதம். தொலைபேசிக்கு எழுந்து நிற்க வேண்டியதில்லை என்று எத்தனை பேர் சொன்னாலும் அவன் கால்கள் கேட்பதில்லை.

"சார், அது உங்க கவர்லதான் சார் வெச்சேன்..."

"அப்போ நான் முழுங்கிட்டேன்னு சொல்றியா? மணி ஒன்பதரை. பதினொண்ணுக்குக் கேள்வி நேரம். பத்துக்குள்ள அது அமைச்சர் கையில இருக்கணும். அவர் கூண்டுப் புலி மாதிரி நடந்துக்கிட்டிருக்கார். இல்லேன்னா..."

இல்லையென்றால் என்ன ஆகும் என்பது அவனுக்கே தெரியும். அவனைப் பணி நிரந்தரம் செய்யும் உத்தரவு பிரிவு அலுவலரின் மேசையில் இருந்தது. "இன்னைக்கு சபையில வில்லங்கம் எதுவும் வரலேன்னா சாயங்காலம் கையெழுத்துப் போட்டுடறேன்" என்று அவர் காலையில்தான் சொல்லியிருந்தார்.

கேள்வி நேரம் உள்ள நாட்களில் அவர்கள் பிரிவிலிருந்து இரண்டு உறைகள் போகும். அச்சிட்ட ஒரு பக்கப் பதில், கேள்வி கேட்ட உறுப்பினருக்கு. பதினான்கு பக்க ரகசியக் குறிப்பு, அமைச்சருக்கு. உறுப்பினர் அடுத்தடுத்து என்னென்ன துணைக் கேள்விகள் கேட்கக்கூடும், எதற்கு என்ன சொல்லி நழுவலாம் என்பதெல்லாம் அந்தக் குறிப்பில் இருக்கும்.

முந்தைய நாள் அவன் தாள்களைச் சரியாகத்தான் உறையில் வைத்தான். பிறகு சந்தேகம் வந்து, இரண்டையும் வெளியே எடுத்துச் சரிபார்த்துத் திரும்ப வைத்தான். பிறகு இன்னொரு தடவை. பிறகு இன்னொரு தடவை. அலுவலகத்தில் அவனுக்குப் பெயரே 'இன்னொருதடவை'. ஏதோ ஒரு தடவையில் தாள்கள் இடம் மாறிவிட்டன.

"அப்படின்னா அந்தப் பதினாலு பக்கம் இடிகிட்டயா போயிருக்கு?" என்று பக்கத்து மேசைத் தட்டச்சு அக்கா நெஞ்சில் கை வைத்தார்.

இடி என்பது ஓர் எதிர்க்கட்சி உறுப்பினருக்குப் பத்திரிகைகள் வைத்த பெயர். அவர் எழுந்தால் அமைச்சர்கள் தண்ணீர்க் குவளையைத் தேடுவார்கள்.

இன்றைய கேள்வியும் அவருடையதுதான். மின்சாரம் நின்றால் செல்போன் கோபுரங்களும் நின்றுவிடுவது அரசுக்குத் தெரியுமா? தெரியும் என்றது அச்சிட்ட பதில். அதற்காகவே ஒவ்வொரு கோபுரத்திலும் எட்டு மணி நேரம் தாங்கும் பேட்டரி வைக்கத் தேசியக் கொள்கை வகை செய்துள்ளது என்றும் சொன்னது.

"அதுல என்னடா பயம்?" என்றார் அக்கா.

"குறிப்புல ஒன்பதாவது கேள்வி இருக்குக்கா. 'எட்டு மணி நேரம்னு எழுதி வெச்சிருக்கீங்க, நிஜமா எவ்வளவு நேரம் தாங்குது?' எனக்குச் சந்தேகமா இருந்துச்சு, எல்லா ஊருக்கும் போன் போட்டுக் கேட்டேன். நாற்பது நிமிஷம்."

"அதுக்கு என்ன பதில் எழுதினே?"

"சிவப்பு மையில எழுதினேன். 'இதற்குப் பதில் இல்லை. கேட்காமல் இருக்கப் பிரார்த்திக்கலாம்.'"

"அரசாங்கக் குறிப்புல பிரார்த்தனையா?"

"கொள்கை முழுக்கத் தேடிப் பாத்துட்டேன்க்கா. வேற வழி எதுவும் இல்ல."

முதலில் அமைச்சருக்கு இன்னொரு பிரதி எடுத்துவிடலாம் என்று கணினியைத் திறந்தான். அச்சு இயந்திரம் ஒரு பக்கத்தைப் பாதி துப்பியது. மின்சாரம் போயிற்று. அறையின் மூலையிலிருந்த பேட்டரி ஒரு தடவை 'கீங்' என்று கத்திவிட்டு அடங்கியது.

"நாற்பது நிமிஷம்னு எழுதினியே, அதுவே ஜாஸ்தி" என்றார் அக்கா.

அடுத்து, அந்த உறையைத் திரும்பக் கேட்டு இடிக்கு ஒரு கடிதம் எழுதினான். எதையும் அரைகுறையாகச் செய்வது அவனுக்குப் பிடிக்காது. கடிதத்தைக் கொடுத்தனுப்பிய பிறகு, நகலை அக்காவிடம் காட்டினான்.

அக்கா உரக்கப் படித்தார். "'தவறுதலாகத் தங்களுக்கு வந்துள்ள ரகசியக் குறிப்பைப் படிக்காமல் திருப்பி அனுப்புமாறு வேண்டுகிறோம். அடையாளம்: பதினான்கு பக்கங்கள்; ஆறாம் பக்கத்தில் ஒன்பதாவது கேள்விக்கு எதிரே சிவப்பு மை.' அடப்பாவி! கொள்ளிக்கட்டையை எடுத்துத் தலையைச் சொறிஞ்சுட்டியே!"

"அடையாளம் சொல்லலேன்னா வேற குறிப்பைத் திருப்பி அனுப்பிட்டா என்னக்கா பண்றது?"

"அவர்கிட்ட வேற எத்தனை குறிப்புடா இருக்கப் போகுது?"

அது அவனுக்குத் தோன்றவில்லை. அந்தக் கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்று சொல்ல, இடியின் அறைக்குப் போன் செய்தான். மேசைத் தொலைபேசி செத்துக்கிடந்தது. கைபேசிக்கு அலை கிடைக்கும் ஒரே இடம் தாழ்வாரத்தின் கோடி. அங்கே போனான். எண்ணை அழுத்தும் முன் அவனுடைய சொந்த அக்கா அழைத்துவிட்டாள்.

"தம்பி, மாமா லீவு போட்டுட்டு டிவி முன்னாடி உக்காந்தாச்சு. மாடி வீட்டுக்காரங்க, எதிர் வீட்டுக்காரங்க எல்லாரையும் கூப்பிட்டிருக்கார். அமைச்சர் பேசறதெல்லாம் என் மச்சான் எழுதினதுன்னு பீத்திக்கிட்டிருக்கார்."

"அக்கா, தயவுசெஞ்சு டிவியை ஆஃப் பண்ணு."

"அதை உங்க ஆபீஸே பண்ணிடுச்சு. கரண்ட் போய் பத்து நிமிஷமாச்சு. எப்ப வரும்னு கேட்டுச் சொல்லு, மாமா உன்னைத்தான் திட்டறார்."

அழைப்பைத் துண்டித்து, இடியின் அறைக்குப் போட்டான். யாரோ எடுத்தார்கள். காற்றும் இரைச்சலுமாக இருந்தது.

"ஹலோ! எரிசக்தி அமைச்சகத்துல இருந்து பேசறேன்! ஒரு கடிதம் வரும், அதைப் பாக்காதீங்க!"

"என்னது? சத்தமா சொல்லுங்க, லைன் சரியில்ல!"

"ஆறாம் பக்கத்தைப் பாக்காதீங்க!"

"எத்தனாம் பக்கம்?"

"ஆறு! ஒன்பதாவது கேள்வி! பேட்டரி நாற்பது நிமிஷம்தான் தாங்குதுன்னு இருக்கும், அதைப் படிக்காதீங்க!"

"அட, நானே உங்களைத்தான் தேடிக்கிட்டு..." லைன் அறுந்தது.

அவன் திரும்பினான். அமைச்சரைப் பார்க்கக் காத்திருந்த நிருபர்கள் நான்கு பேர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் குறிப்பேட்டைப் புரட்டியபடி மரியாதையாகக் கேட்டார்.

"நாற்பது நிமிஷமா சார், நாலு நிமிஷமா?"

"நான் எதுவும் சொல்லலியே!"

"'அதிகாரி மறுப்பு'ன்னு போட்டுக்கவா?"

அவன் ஓடினான். மின்தூக்கி பாதி மாடியில் நின்றிருந்தது. உள்ளேயிருந்து இரண்டு துணைச் செயலாளர்கள் ஆளுக்கொரு பக்கம் தட்டிக்கொண்டிருந்தார்கள். படிக்கட்டில் பாய்ந்து இறங்கி, சாலையைக் கடந்து, நாடாளுமன்றக் கட்டடத்தின் மூன்று மாடி ஏறினான். வழியில் கைபேசி அதிர்ந்தது. தனிச் செயலாளர்.

"குறிப்பு எங்கேய்யா?"

"வந்துக்கிட்டே இருக்கு சார்."

"இதையே அரை மணி நேரமா சொல்றே. மணி பத்தே முக்கால்! இப்படியே பேசினா உன் உத்தரவும் வந்துக்கிட்டேதான் இருக்கும்!"

இடியின் அறைக்கதவு திறந்திருந்தது. ஏணிபோல் உயரமான இடி ஜன்னலோரம் நின்றிருந்தார். கையில் பதினான்கு பக்கங்கள். அதற்கு மேல் இவனுடைய கடிதம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். மேசைக்குப் பின்னால் நரைத்த மீசையோடு அவருடைய உதவியாளர், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவனுக்கு மூச்சு வாங்கியது. கையைக் கூப்பிவிட்டான்.

"ஐயா, எரிசக்தி அமைச்சகத்து எழுத்தர் நான்தான். எல்லாம் என் தப்பு. கவர் மாறிடுச்சு. அது அமைச்சருக்குப் போக வேண்டியது. நீங்க அதை வெச்சுக் கேள்வி கேட்டீங்கன்னா என் வேலை போயிடும். பதினோரு மாசமா ஒரு கமாகூடத் தப்பா போட்டதில்ல ஐயா. தயவுசெஞ்சு திருப்பிக் குடுத்துடுங்க."

நாட்டையே நடுங்க வைக்கும் இடி அவனைப் பார்த்தார். குறிப்பைப் பார்த்தார். பரீட்சைக் கூடத்தில் பேனா மறந்த பையனைப்போல உதவியாளரைப் பார்த்தார்.

தாழ்வாரத்தில் கேள்வி நேரத்துக்கான மணி ஒலிக்கத் தொடங்கியது.

உதவியாளர் சட்டென்று எழுந்து, காதிலிருந்த பென்சிலை உருவி அவன் கையில் திணித்தார்.

"தம்பி, எந்தெந்தக் கேள்வியை ஐயா கேக்கணும்னு அமைச்சர் ஒவ்வொரு தடவையும் டிக் போட்டுத்தானே அனுப்புவார், இன்னைக்கு டிக் இல்லாமலே வந்திருக்கே, நீங்களாவது சீக்கிரம் போட்டுக் குடுங்க!"